கூப்பாட்டான் பிடிப்புக் குழு

வனத்துறையின் அந்த அலுவலகத்தில், பல் கிட்டிப்போகிற குளிரிலும் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இயக்குநர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டு, காதை மூடித் துண்டு கட்டி, காகிதம் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் எழுதுவார்கள். விசிறியை நிறுத்துங்கள் என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்டடம் காட்டின் ஓரத்தில் இருந்தது. விசிறி நின்றால் காட்டின் சத்தம் உள்ளே வந்துவிடும். காட்டைக் காப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதைக் காதால் கேட்கக்கூடப் பயந்தார்கள் என்று வெளியில் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அந்த அலுவலகத்து நடைவழி பெஞ்சில் ஒரு தையல்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். காட்டுக்குள் போகிற கம்பியில் மரம் சாய்ந்துவிட்டது என்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. மின்வாரியத்தில் கேட்டால், கம்பம் வரைக்கும்தான் நாங்கள், கம்பத்தைத் தாண்டிக் காடு என்றார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், ஊருக்குள் காணாமல் போயிருந்தால் ஒரு கை பார்த்திருப்போம் என்றார்கள். யாராவது ஒருவர் காட்டுக்குள் போய் அவரைத் தேட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைக் கேட்கத்தான் இங்கே வந்திருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஓர் அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பொதுமக்களா?"

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. உள்ள வாங்க. குழுவுல பொதுமக்கள் ஒருத்தர் இருந்தே ஆகணும்னு விதி. காலையிலேருந்து தேடிட்டிருக்கோம்."

"நானும் தேடிட்டுத்தாங்க இருக்கேன்."

"அப்ப சரியாப் போச்சு" என்று சொல்லி அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

தேடுவதற்கான குழு என்றுதான் அவள் நினைத்தாள். நீள மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் கம்பளிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, நம் வீட்டுக்காரருக்காகவா இத்தனை பேர் என்று அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சுவரில் தொங்கிய துணிப் பதாகையைப் படித்தாள். 'கூப்பாட்டானைப் பிடிக்கலாமா என்பது குறித்தும், பிடிப்பதென்றால் எப்படி என்பது குறித்தும் ஆராயும் உயர்நிலைக் குழு.'

கூப்பாட்டானை அறியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. பார்த்தவர்களும் கிடையாது. மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, உங்களுக்கு ரொம்ப வேண்டியவர் யாரோ அவர் குரலில் உங்களைக் கூப்பிடும். பதில் சொன்னால் போச்சு. உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும், திரும்பாது. இதெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கட்டிய கதை என்று பகலில் எல்லாரும் சிரிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அதே ஆட்கள்தான் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது கொஞ்ச நாளாக மாலை வேளையில் காட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் காட்டை மூடிவிட்டார்கள். வாசல் காவலரிடம் சொல்லிச் சங்கிலி போடவைத்தார்கள். குழுவை அமைத்தார்கள்.

"அது எங்க வீட்டுக்காரர் குரலுங்க" என்றாள் தையல்காரி. "எனக்கு நல்லாத் தெரியும். 'டைலரு, டைலரு'ன்னுதான் என்னைக் கூப்பிடுவாரு. இப்பவும் அப்படித்தாங்க கூப்பிடுது. உள்ள எங்கியோ மாட்டிட்டிருக்காரு. யாராவது போய்ப் பாருங்க."

இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். நல்ல மனிதர், யார் அழுதாலும் உடனே தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்.

"அம்மா, கூப்பாட்டானோட வேலையே அதுதானே? உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி இல்லேன்னாதான் எங்களுக்குச் சந்தேகம் வரும். அச்சு அசலா அவர் குரல்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே சந்தேகமே இல்லை." பக்கத்தில் திரும்பி, "பொதுமக்கள் சார்பா உறுதி செய்யப்பட்டதுன்னு குறிச்சுக்குங்க" என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னதாலேயே வந்த விஷயம் முடிந்துபோகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"நான் ஒருத்தியாவது உள்ள போய்ப் பாக்கறேங்க."

"ஆபத்தான உயிரினம் வெளியில திரியும்போது யாரும் உள்ள போகக் கூடாது" என்றார் சட்ட ஆலோசகர். மெலிந்த மனிதர். பேசும்போது தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "அதைப் பிடிச்சதுக்கு அப்புறம் தாராளமாப் போகலாம்."

"பிடிக்கறதுக்கு யாராவது உள்ள போகணுமேங்க?"

"அதுக்குத்தாம்மா குழு" என்றார் அவர், முதன்முறையாக நகத்திலிருந்து கண்ணை எடுத்து.

முதல் கூட்டங்கள் முழுவதும் பிடிக்கலாமா என்ற கேள்வியிலேயே போயின. இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "நம்ம துறை இந்தக் காட்டை இவ்வளவு காலமா ஒரு பொட்டுக் குறை இல்லாம பாதுகாத்துட்டு வருது. எப்படி? உள்ள போகாம! போனா மிதிபடும், ஒடியும், கணக்குக் கேப்பாங்க. நான் பதவிக்கு வந்ததிலேருந்து ஒரு தடவைகூட இந்தக் காட்டுக்குள்ள காலடி வெச்சதில்லைங்கிறதை இங்க பெருமையோட பதிவு செய்யறேன்." மேசையைத் தட்டினார்கள். தையல்காரியும் எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டிவைத்தாள்.

சட்ட ஆலோசகருக்கு வேறு கவலை. "பிடிக்கணும்னா முதல்ல அது இருக்கணும். இருக்குன்னு எழுதிட்டோம்னா, அப்ப இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. இல்லைன்னு எழுதினோம்னா, அப்ப கத்தறது யாருன்னு கேப்பாங்க. அதனால 'இருக்கக்கூடியது'ன்னு எழுதலாம். யாருக்கும் பாதகமில்லை." அப்படியே எழுதப்பட்டது. அன்றிலிருந்து கூப்பாட்டான் இருக்கக்கூடியதாக ஆனது.

விலங்கு மருத்துவர் மட்டும் விஷயத்தை அறிவியல் ரீதியாக அணுகினார். அந்தப் பிராணி ஏன் 'டைலரு' என்று கூப்பிடுகிறது என்பதே அவரைத் தூங்கவிடாத கேள்வி. "ஒரு காட்டு விலங்குக்குத் தையல்காரர் எதுக்கு? யோசிச்சுப் பாத்தேன். இது தோலுரிக்கிற பருவமா இருக்கலாம். பழைய தோல் கழண்டு புதுத் தோல் சரியாப் பொருந்தாம, ஒரு சங்கடத்துல இருக்கும்." இதைக் கேட்டு எல்லாரும் தையல்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் அளவு நாடாவோடு கிளம்பிவிட வேண்டியதுதான் என்பதுபோல. கிளம்பச் சொல்லியிருந்தால் அவள் ஓடியே போயிருப்பாள். ஆனால் அதற்கும் ஒரு துணைக்குழு போட்டு ஒத்திவைத்தார்கள்.

மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கே நாத்தனார் காத்திருப்பாள். அண்ணன் காணாமல் போன சேதி கேட்டுத் துணைக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கே துணை தேவைப்பட்டது. வெயில் இருக்கும்போதே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் வெட்டுத்துணியைத் திணித்து வைத்திருப்பாள். அப்படியும் அது வந்துவிடும். முதலில் நாய்கள் அடங்கும். பிறகு தெருவில் பேச்சு நிற்கும். அப்புறம் தூரத்தில், நீளமாக, பொறுமையாக.

"டைலரு... ஏ டைலரு..."

"பதில் சொல்லிடாதீங்க அண்ணி" என்று நாத்தனார் அவள் வாயைப் பொத்துவாள். "அண்ணன் இல்ல அண்ணி அது. அண்ணன் இத்தனை பொறுமையாக் கூப்பிட மாட்டாரு. ரெண்டு தடவை கூப்பிட்டு வரலேன்னா அவருக்குக் கோவம் வந்துடும்."

அதைக் கேட்ட பிறகு தையல்காரி அந்தக் கையை விலக்க மாட்டாள். உண்மைதான், அவர் பொறுமைக்காரர் இல்லை. அலுவலகத்தில் அடித்துச் சொல்கிற வாய் வீட்டுக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கும் பயம் இருந்தது, அதை மறைப்பானேன்? அந்தக் குரலுக்காக ஏங்கினாள், அந்தக் குரல் நிற்க வேண்டும் என்றும் வேண்டினாள். தையல் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல்கூடக் கோக்காமல் வேகவேகமாக மிதிப்பாள். மெஷினின் கடகடப்பில் குரல் அமுங்கிவிடும். அலுவலகத்து விசிறிகளின் நியாயம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பி வந்தாள். விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். இயக்குநர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் சாய்த்து நின்றிருந்தார்.

"உங்களுக்கு 'டைலரு'ன்னு கேக்குதா?" என்றார் திரும்பாமல்.

"ஆமாங்க."

"எனக்கு எங்க அம்மா குரல் கேக்குது. சாப்பிட வாடாங்குது. அம்மா போய் ரொம்ப வருஷமாச்சு. கடைசி நேரத்துல நான் ஒரு கூட்டத்துல இருந்தேன்." நெற்றியைக் கம்பியிலிருந்து எடுத்தார். "பிடிச்சு, கூண்டுல போட்டு, இந்த மேசை மேல வெச்சோம்னு வைங்க. அது எல்லார் முன்னாலயும் வாயைத் திறந்து யார் குரல்ல பேசும்? என்ன கேக்கும்? இதை யாராவது யோசிச்சாங்களா? இங்க இருக்கிற ஒருத்தருக்கும் அதைப் பிடிக்க ஆசை கிடையாதும்மா. பிடிக்கறதைப் பத்திப் பேசிட்டிருந்தா பயம் கொஞ்சம் குறையுது, அவ்வளவுதான்."

அவள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். அவளுக்கு 'டைலரு'தான் கேட்டது. அன்றைக்கு அது கரகரத்து, முன்னைவிட மெலிந்திருந்தது. சாப்பிட வா என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவரே கூட்டத்தில், "பிடிக்கலாம் என்று கொள்கையளவில் முடிவு செய்யலாம்" என்று அறிவித்தார். அந்த மெலிந்த குரலை நினைத்துக்கொண்டே தையல்காரி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

அடுத்து, எப்படி? வலை என்றார் ஒருவர். உருவம் தெரியாமல் வலைக்கு எந்த அளவில் கண் வைப்பது என்றார் இன்னொருவர். கூண்டு செய்து அலுவலகத்திலேயே வைத்துவிடலாம், கூப்பாட்டான் தானாக வந்தால் தயாராக இருக்கும் என்று ஒரு யோசனை வந்து, அதற்குப் பெரிய ஆதரவும் இருந்தது. கடைசியில் விலங்கு மருத்துவர்தான் வழி சொன்னார். "குரலைக் காட்டிக் கூப்பிடற பிராணியைக் குரலைக் காட்டித்தான் கூப்பிடணும். அது டைலரைக் கேக்குது. டைலர் குரலை ஒலிப்பெருக்கியில போடுவோம். வரும்."

தையல்காரிக்கு உள்ளுக்குள் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. இவர்கள் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அவர் காதில் விழுந்தால் போதும், சத்தம் வந்த திசை தெரிந்துகொண்டு ஊர்ந்தாவது வந்துவிடுவார். "நான் பேசறேங்க. இப்பவே பேசறேங்க" என்றாள்.

"இப்பவேவா?" சட்ட ஆலோசகர் பதறிவிட்டார். "துறை பேர்ல ஒரு வார்த்தை வெளியில போகணும்னா வாசகம் அங்கீகரிக்கப்படணும்மா."

வாசகத் துணைக்குழு கூடியது. 'ஏங்க' என்பது மரியாதைக் குறைவு. 'வாங்க' என்பது கட்டளைபோல் இருக்கிறது. நாளைக்கு வந்த பிராணி நீதிமன்றம் போனால்? பல வரைவுகளுக்குப் பிறகு ஒரு வாசகம் பிறந்தது. அதை ஒலிப்பதிவு அறையில் அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அழக் கூடாது, இழுக்கக் கூடாது, எழுதியதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். அவளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று படித்தாள்.

"அன்புடையீர். தங்கள் மனைவி பேசுகிறேன். தாங்கள் எங்கிருந்தாலும் அஞ்சாமல் இவ்விடம் வருகை தருமாறு கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அலுவலகம் மூடும் வேளையில் கூரை மேலிருந்த கொம்பு ஒலிப்பெருக்கி காட்டைப் பார்த்து அதை முழங்கியது. மரங்கள் மேல் பட்டு அவள் குரல் ஒன்றன் பின் ஒன்றாகப் பல தையல்காரிகளாகத் திரும்பி வந்தது. தன் குரலைக் கேட்டு அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரம் காடு மூச்சுவிடவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெரும் கூச்சல் எழுந்தது. சொற்கள் புரியவில்லை, ஆனால் அது சந்தோஷம் என்று அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. குழுவினர் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அவள் வாசலில் விடிய விடியக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

மறுநாளும் அதே வேளையில், அதே வாசகம். காட்டிலிருந்து பதில் வந்தது, கெஞ்சுவதுபோல. பிறகொரு மாலை அழுகைபோல. பிறகொரு மாலை கெட்ட வார்த்தைகளாக. அதன் பிறகு ஒலிப்பெருக்கி பேசினால் காடு பேசாமல் இருந்தது. 'டைலரு' என்ற கூப்பாடும் நின்றுவிட்டது. 'இலக்கு எச்சரிக்கையடைந்துள்ளது, ஒலிபரப்பைத் தொடரலாம்' என்று குழு முடிவு செய்தது. தினமும் ஆள் நிற்க வேண்டாமென்று ஒலிப்பெருக்கி அதே வேளையில் தானாகவே பேசும்படி அமைத்துவிட்டார்கள்.

கூப்பாடு நின்ற பிறகு நாத்தனாருக்குத் தூக்கம் வந்தது. தையல்காரிக்குப் போயிற்று. முன்பு குரலுக்குப் பயந்து மெஷினை மிதித்தவள், இப்போது மெஷினைத் தொடாமல் இருட்டைப் பார்த்துக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வாசலுக்குப் போவதும், காவலரைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தாள். அத்தனை பெரிய காட்டில் எந்தப் பக்கம் என்று போவது?

அதற்கு விடை ஒரு கூட்டத்தில் கிடைத்தது. கேட்காமலேயே கிடைத்தது. காட்டுவாசல் காவலரை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். காதில் பஞ்சு அடைத்திருந்தார். கேள்விகளைக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே ஏதாவது மாற்றம் உண்டா என்று இயக்குநர் கத்தினார்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா. குழியிலேருந்து நாத்தம் வர்றது நின்னுபோச்சு, அவ்வளவுதான்."

"என்ன குழி?"

"போன குழு வெட்டின குழிங்கய்யா. கூப்பாட்டானுக்கு."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. இதற்கு முன்னால் ஒரு குழு இருந்திருக்கிறது. அது பேசாமல் வேலையைச் செய்த விபரீதக் குழு. காட்டுக்குள் ஆழமாக ஒரு குழி வெட்டி, மேலே தழை பரப்பி, உள்ளே தவறாமல் பழமும் ரொட்டியும் போட உத்தரவிட்டிருக்கிறது. அதற்குள் குழுவின் ஆயுள் முடிந்துவிட்டது. குழு போயிற்று, பழம் போடும் உத்தரவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. காவலர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளிம்பிலிருந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிடுவார். பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, நிற்கக் கூடாது என்பது உத்தரவு.

"முன்னெல்லாம் பழம் அழுகி நாத்தம் குடலைப் பிடுங்கும். இப்பக் கொஞ்ச நாளா இல்லைங்கய்யா. யாரோ தின்னுடறாங்கபோல."

தையல்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

"அதுல இருக்கறது எங்க வீட்டுக்காரரு. கம்பி பாக்கப் போய் விழுந்துட்டாரு. உயிரோட இருக்காரு, பழத்தைத் தின்னுட்டு இருக்காரு! ஒரே ஒரு ஆளு வாங்க. எட்டிப் பாத்தாப் போதும்!"

"அமைதி, அமைதி" என்றார் இயக்குநர். "உங்க வீட்டுக்காரரா இருக்கலாம்மா. மறுக்கலை. 'இருக்கக்கூடியவர்'னு குறிச்சுக்குங்க."

சட்ட ஆலோசகர் நகங்களைப் பார்த்தபடி சொன்னார்: "எட்டிப் பாக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. உள்ள கூப்பாட்டான் இருந்தா, பிடிச்சது போன குழு. பேரு அவங்களுக்குப் போகும்; நம்ம குழு கலைஞ்சுடும். உள்ள மனுஷன் இருந்தா, குழி வெட்டினது துறை, பழம் போட்டது துறை, பாக்காம வந்ததும் துறை. பாக்காத வரைக்கும் ரெண்டுமே நடக்கலை. எப்படிப் பாத்தாலும் பாக்காம இருக்கறதுதான் நல்லது."

இப்படிப் பச்சையாகச் சொல்லிவிட்டாரே என்று யாராவது கூச்சப்படுவார்கள் என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விலங்கு மருத்துவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இயக்குநரின் கண்கள் ஈரமாக இருந்தன. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வாக்கெடுப்பு நடந்தது. குழி யாருடைய அதிகார வரம்பில் வருகிறது என்று தெளிவான பிறகு எட்டிப் பார்ப்பது பற்றி விவாதிக்கலாம் என, ஒருவர் நீங்கலாக, ஒருமனதாக முடிவாயிற்று.

தண்ணீர் வருவதற்குள் அந்த ஒருவர் வெளியேறிவிட்டார்.

வீட்டுக்கு ஓடி, கொல்லையில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். நாத்தனார் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அதுதான் அண்ணி உங்களைக் கூப்பிடுது! கால் தானா நடக்கும்னு சொல்வாங்களே, இதுதான்!" தையல்காரி ஒரு கணம் நின்றாள். கால்கள் உண்மையிலேயே தானாகத்தான் நடந்துகொண்டிருந்தன. பிறகு, நடந்தால் நடக்கட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

காட்டுவாசலில் காவலரின் காதிலிருந்து பஞ்சைத் தன் கையாலேயே பிடுங்கினாள். "எந்தப் பக்கம்?"

அவர் திடுக்கிட்டுக் காட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கம்பி போற வழியிலேயே போங்க. மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு வரும். அதுக்கு வலப்பக்கம்."

"கூட வாங்களேன் அண்ணே. ரெண்டு பேரா இழுத்தா வந்துடுவாரு."

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்றார் அவர். ஆனால் சங்கிலியை அவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்புவதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

காட்டுக்குள் விசிறிச் சத்தம் இல்லை, மெஷின் சத்தம் இல்லை. தன் மூச்சே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. மஞ்சள் கல்லைக் கண்டுபிடித்து வலப்பக்கம் திரும்பியபோது வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. தழைகள் உள்வாங்கிய இடத்தில் குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது. மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் ஏதோ சுருண்டு கிடந்தது. தாடியும் சேறும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"ஏங்க!"

அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மண்கட்டி பறந்து வந்து அவள் தோளில் பட்டது.

"போ!" அவர் குரல்தான். உள்ளே ஏதோ கிழிந்துபோன குரல். "போயிடு! கிட்ட வராத!"

"நான்தாங்க. உங்க சம்சாரம்."

"நேத்தும் அதைத்தான் சொன்ன. முந்தாநாளும் சொன்ன. மனைவி பேசுகிறேன், மனைவி பேசுகிறேன்னு. தொண்டை கிழியக் கத்தினேனே, ஒரு பதில் சொன்னியா? சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு! எம் பொண்டாட்டி ஒருநாளாவது என்னைத் தாங்கள்னு கூப்பிட்டிருக்காளா? ஒத்துழைப்புக்கு நன்றியாமே! அவளாவது, நன்றி சொல்றதாவது! எனக்குத் தெரிஞ்சுபோச்சு நீ என்னன்னு."

"ஐயோ, அது ஒலிப்பெருக்கிங்க! கூப்பாட்டானைப் பிடிக்க என் குரலைப் பதிஞ்சு போட்டாங்க. உங்களைத்தான் கூப்பாட்டான்னு..." சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. குழுவையும் துணைக்குழுவையும் வாசகத்தையும் பழம் போடும் உத்தரவையும் அவள் சொல்லச் சொல்ல, உண்மை முழுவதும் பேய்க்கதையாகவே இருந்தது. கூப்பாட்டான் சொன்னால் நம்பும்படி ஏதாவது சொல்லியிருக்கும்.

"நல்லாக் கதை கட்டற" என்றார் உள்ளிருந்து.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் கைகட்டி, நிமிர்ந்து நின்று, கேட்டுக்கொள்ளப்பட்டு அடங்கிக் கிடந்த கோபம்.

"ஆமா, கதை கட்டறதுக்குத்தான் முள்ளு குத்திக்கிட்டு இங்க வந்திருக்கேன்! புதுச் செருப்பு வாங்கி வாசல்ல வெச்சேன், இதைப் போட்டுட்டுப் போங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? வார் அறுந்ததை ஊக்கு குத்திப் போட்டுட்டு வந்தாத் தடுக்கிக் குழியில விழாம பல்லக்குல ஏத்துவாங்களா? உங்க தங்கச்சி நம்ம வீட்டு வெட்டுத்துணி பூரா ஜன்னல்ல அடைச்சு வெச்சிருக்கா. நான் எத்தனை பேர் கால்ல விழுந்து, எவன் எவனுக்கெல்லாம் கையைத் தூக்கி... இந்தக் கயிறைப் பிடிக்கப் போறீங்களா, இல்ல, நானும் உள்ள குதிக்கட்டுமா?"

குழிக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"டைலரு?"

"ஆமாங்க" என்றாள்.

கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி மறு நுனியை இறக்கினாள். அவருக்கு ஒரு கால் உடைந்திருந்தது, காய்ச்சலில் கொதித்தார். கயிற்றை இடுப்பில் கட்டச் சொன்னாள், விரல்கள் முடிச்சுப் போட மறுத்தன. கையில் சுற்றிக்கொண்டார். அவள் பாதங்களை வேரில் ஊன்றி, பற்களைக் கடித்து இழுத்தாள். கனம் ஏறியது. உள்ளங்கை பொசுங்கியது. அந்தக் கனம்போல் உலகத்தில் வேறு எதுவும் அதுவரை அவளுக்கு இனிமையாக இருந்ததில்லை. முதலில் முடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு விளிம்பைத் தேடும் விரல்கள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். இன்னும் ஓர் இழுப்பு.

அலுவலகம் மூடும் வேளை ஆகிவிட்டிருந்தது.

"அன்புடையீர். தங்கள் மனைவி பேசுகிறேன்."

மரங்களைத் தாண்டி அவள் குரல் வந்தது. தெளிவாக, அமைதியாக, ஒரு சொல் மாறாமல் வந்தது. காடு அதை வாங்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் திருப்பிச் சொன்னது. அவர் கண்கள் அவள் வாயைப் பார்த்தன. அது இறுகி மூடியிருந்தது. சிரிப்பு அவர் முகத்திலேயே உறைந்துபோயிற்று.

"அதுதாங்க ஒலிப்பெருக்கி! அதைத்தான் சொன்னேன்! கையை விடாதீங்க!" என்று அவள் அலறினாள். அலறிய குரலும் அழைத்த குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கயிற்றிலிருந்த கனம் சட்டென்று போய்விட்டது. அவள் மல்லாந்து விழுந்தாள். கீழே சேற்றில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

"தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடித்துக்கொண்டது ஒலிப்பெருக்கி.

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தாள். அவர் அந்த மூலைக்கே போய், சுவரில் முதுகை ஒட்டி, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு வழியாக அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீ யாரு?"